'வேவ்' என்றால் அலை

பாரிசின் லா சப்பலில் எந்தக் கடைக்குப் போனாலும் கொஞ்சக் காலமாக ஒரு தீவைப் பற்றித்தான் கதை. ரூ காய் தெருவில் மீன் வாங்க நின்றால் முன்னால் நிற்பவர் சொல்கிறார், இந்து சமுத்திரத்தின் நடுவில் பிரிட்டிஷ்காரனுடைய தீவொன்று இருக்கிறதாம், எங்கள் பெடியளின் படகு பழுதாகி அங்கே ஒதுங்கியதாம், வருடக்கணக்காகக் கூடாரத்துக்குள் வைத்திருந்தார்களாம். தியேகோ கார்சியா என்று சொல்ல அவருக்கு நாக்குச் சுழலவில்லை. நான் என்னுடைய அறக்குளாத் துண்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பெயர் எனக்குப் பதினொரு வயதிலேயே பாடம்.

என் வயதுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். எங்களைப் போன்ற பிள்ளைகளை இந்த ஊர் முன்பு கண்டதில்லை, இனியும் காணாது. நாங்கள் கடதாசி வாசித்த பிள்ளைகள். பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக் கீழே வைக்க முதல் யாராவது ஒரு பெரியவர் பிரெஞ்சுக் கடதாசியோடு கதவடியில் நிற்பார். மின்சாரப் பட்டியல், விசாப் பதில், ஆசுபத்திரிச் சீட்டு எல்லாம் எங்கள் தலையில்தான். பக்கத்து அறைக்காரரின் மூலவியாதி அறிக்கையை நான் வாசித்துச் சொல்லியிருக்கிறேன், அதற்குப் பிறகு அவர் படியில் என்னைக் கண்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு இறங்குவார். நீங்களும் வாசித்தவர்கள்தான். பிழையாக வாசித்ததை மட்டும் எங்களில் ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை. எனக்கு வயது போகிறது, நான் சொல்லிவிடுகிறேன்.

ரூ பெர்தொனேயில் நாங்கள் இருந்த கட்டடத்துக்கு ஆறு மாடி, லிப்ட் கிடையாது. இரண்டாம் மாடியில் ஒரே அறையில் அப்பா, அம்மா, நான். மூன்றிலும் நாலிலும் எங்கள் ஆட்கள், ஓர் அறைக்கு ஐந்தாறு பேர். எண்பத்து மூன்றில் கொழும்பு எரிந்த ஆடிக் கலவரத்துக்குப் பிறகு வந்த குளிர்காலம் அது. கிழமைக்கு ஒருவர் புதிதாக வந்து இறங்குவார். படிக்கட்டு முழுக்க பொரித்த மிளகாய் மணமும் காயாத கம்பளி மணமும் கிடக்கும். கூரைக்குக் கீழே, ஆறாம் மாடிச் சாய்ந்த அறையில் ஒரு பெண் தனியே இருந்தார். உயரம், கறுப்பு, சுருள் முடி. பக்கத்துத் தெருவில் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்துக்கு வீட்டு வேலை செய்தார். அந்தக் குடும்பம் மொரிசியசில் இருந்து வரும்போது அவரையும் கூட்டி வந்திருந்தது.

அவரிடம் முதலில் பேச்சுக் கொடுத்தது மூன்றாம் மாடி மாமா. கொழும்பில் கடை எரிய, உடுத்த சாரத்தோடு கப்பலேறி வந்த மனிதர் அவர். படியில் வைத்து, நீர் எந்த ஊர், யார் என்று தன் ஓட்டைப் பிரெஞ்சில் கேட்டிருக்கிறார். அந்தப் பெண் நெஞ்சில் கை வைத்து, "ஸில்வா" என்றாராம். மாமா அப்படியே திரும்பி எங்கள் அறைக்கு இறங்கி வந்தார். மேலே இருப்பது சிங்களத்தி, பெயர் சில்வா, தன் வாயாலேயே சொன்னாள் என்றார்.

அதன் பிறகு நாங்கள் செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசும். அவர் படியேறி வருகிற காலடி கேட்டால் ஒவ்வொரு மாடியாகக் கதவு சாத்துப்படும். அவர் தந்த இனிப்பை வாங்கிய குற்றத்துக்கு அம்மா என் கையில் அடித்தார். ஒருநாள் அவருடைய பை கிழிந்து தேங்காய் ஒன்று ஆறாம் மாடியிலிருந்து உருண்டுகொண்டே வந்து எங்கள் வாசலில் நின்றது. அவர் மூச்சு வாங்க இறங்கி வந்து அதை எடுத்துக்கொண்டு ஏறிப் போகும்வரை, கதவின் பின்னால் நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒரு தேங்காயை எடுத்துக் கொடுக்க வக்கில்லாத குடும்பம்.

உண்மை வெளித்தது ஒரு சனிக்கிழமை, மரக்கறிக் கடையில். நானும் அம்மாவும் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்க, அவர் கடைக்காரரிடம் "கறிபுலே, கறிபுலே" என்று கேட்டுக்கொண்டு நின்றார். கடைக்காரருக்கு விளங்கவில்லை. அவர் எட்டிக் கறிவேப்பிலைக் கட்டைத் தொட்டுக் காட்டினார். மொரிசியசில் அதற்கு அதுதான் பெயராம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவின் முறைப்பையும் பாராமல், நீங்கள் சிலோனா என்று பிரெஞ்சில் கேட்டேன். இல்லை என்றார். அவருடைய கிரியோல் மொழி பிரெஞ்சுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி மாதிரி, பாதி எனக்குப் பிடிபடும். ஸில் என்றால் தீவு. ஸில்வா என்றால் தீவுக்காரர். தியேகோ கார்சியா என்கிற தீவில் பிறந்தவராம். அவர் சொன்னது பெயரே இல்லை.

"அம்மா, இவ சில்வா இல்லை," என்றேன். "இவ தீவார்."

அம்மா வெண்டிக்காயைக் கீழே வைத்தார். அம்மாவும் ஊரில் தீவுப் பகுதி. யாழ்ப்பாணத்து ஆட்கள் கலியாணம் பேசும்போதுகூட, பெண் தீவாரோ என்று முகத்தைச் சுளித்துக் கேட்டதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிப் பொருமியவர். கடையிலேயே சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அன்று பின்னேரம் ஒரு சட்டியில் சொதி வைத்து என்னிடம் தந்து, ஆறாம் மாடிக்கு என்னோடு ஏறி வந்தார். அந்தப் பெண் ஒரு வாய் குடித்துவிட்டு, தன் அடுப்பில் இருந்த சட்டியைத் திறந்து காட்டினார். தேங்காய்ப் பாலில் மீன். தங்கள் தீவில் அதைச் செராஸ் என்பார்களாம். "எங்கடை சொதிதான், கொஞ்சம் தடிப்பு," என்றார் அம்மா. அன்றிலிருந்து அவர் எங்களுக்குத் தீவு அன்ரி. மூன்றாம் மாடி மாமா அடுத்த நாள் ஒரு காஸ் சிலிண்டரைத் தோளில் சுமந்துகொண்டு ஆறு மாடி ஏறினார். மன்னிப்புக் கேட்க அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்.

புதன்கிழமைகளில் எங்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லையே, நான் அன்ரியின் அறையில்தான் கிடப்பேன். கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்தால் தலை கூரையில் முட்டும். அவர் கத்தியின் பின்புறத்தால் ஒரே போடு போட்டுத் தேங்காயைப் பிளந்துகொண்டே கதை சொல்வார். அவருடைய பேச்சு எனக்கு இப்போது தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது. தீவின் அகலம் ஒரு கூப்பிடு தூரம். ஒரு பக்கம் பெருங்கடல் கத்திக்கொண்டே இருக்கும், மற்றப் பக்கம் கடல் குளம் போலக் கிடக்கும். ஆண்கள் தேங்காய் உரிப்பார்கள், பெண்கள் உடைத்துக் கொப்பரை எடுப்பார்கள். அடிமையாகக் கொண்டுவந்த ஆபிரிக்கச் சனமும், பிறகு கூலிக்கு வந்த எங்கள் நாட்டுப் பக்கத்துச் சனமும் கலந்து உண்டான ஊராம். எழுத்து வாசிப்பு அவருக்கு இல்லை. தேவைப்பட்டதும் இல்லை என்பார்.

பிறகு வெள்ளைக்காரர் தீவை அமெரிக்கப் பட்டாளத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். முதலில் நாய்களைக் கொப்பரை காய வைக்கிற கொட்டிலுக்குள் அடைத்துப் புகை போட்டுக் கொன்றார்கள். அதன்பின் சனத்தை ஒரு பெட்டியும் ஒரு மெத்தையுமாகக் கப்பலில் ஏற்றினார்கள். மேல்தட்டில் குதிரைகள், கீழே சனம். மொரிசியசுத் துறைமுகத்தில் இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. இதையெல்லாம் அன்ரி அழாமல் சொல்வார். அழுவது வேறொன்றுக்கு. அவருடைய முதல் பிள்ளை, ஆறு மாதப் பெண் குழந்தை, அந்தத் தீவில் குளக்கடல் பக்கம் புதைத்துக் கிடக்கிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அதன்மேல் விழுந்த ஓலையைக் கூட்டித் தள்ளிவிட்டுத்தான் சமைப்பாராம். இருந்திருந்தால் உன்னைவிட மூன்று வயது மூப்பு என்பார். ஒரே ஒருமுறை போய், அந்த இடத்தைக் கூட்டி, சிலுவைக்கு வெள்ளையடித்துவிட்டு வந்தால் போதும். வேறொன்றும் அவர் கேட்டதில்லை.

மாசி மாதம் போல அவருடைய தங்கையிடமிருந்து தபால் வந்தது. உள்ளே தங்கை யாரையோ கொண்டு எழுதுவித்த நாலு வரிப் பிரெஞ்சுக் கடிதமும், ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாளும். தீவுச் சனத்திடமெல்லாம் இதில் கைநாட்டு வாங்குகிறார்கள், நாங்கள் எல்லோரும் வைத்துவிட்டோம், நீயும் வைத்துக் கெதியாக அனுப்பு, உதவி கிடைக்கும் என்று கடிதம் சொன்னது. தாளில் என்ன இருக்கிறது என்று அது சொல்லவில்லை. தங்கைக்கும் ஆங்கிலம் தெரியாது.

ஆங்கிலம் என்றால் எங்கள் அப்பாவுக்கு ஒரு தனி மிடுக்கு. உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலைதான் செய்தார், ஆனால் ஊரில் பத்தாம் வகுப்புச் சோதனையில் ஆங்கிலத்தில் திறமைச் சித்தி எடுத்துப் பாசானவர். நான் கொலேஜில், அதாவது நடுநிலைப் பள்ளியில் சேர்ந்து அப்போதுதான் ஆங்கிலம் தொடங்கியிருந்தேன், ஐந்து மாதப் படிப்பு. அந்தத் தாளைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அப்பா என்னை முன்னால் தள்ளினார். "என்ரை பிள்ளை வாசிப்பாள்," என்றார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் அறையில் கூட்டம். கட்டடத்தில் மேசை எங்களிடம் மட்டும்தான் இருந்தது. மூன்றாம் மாடி மாமா, நாலாம் மாடிப் பெடியள், கதவு வரைக்கும் ஆட்கள். சில்வா என்று ஒதுக்கிய பாவத்தை எல்லோரும் ஒரே நாளில் கழுவ வந்த மாதிரி இருந்தது. அன்ரி தேவாலயத்துக்குப் போகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கதிரையின் நுனியில் இருந்தார்.

நான் பள்ளிக்கூடச் சின்ன அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தேன். நான், என், எல்லா, தீவு, இவை தெரியும். திரும்புதல் என்ற சொல் பிரெஞ்சுச் சொல் மாதிரியே இருந்தது. 'ரைட்' என்பதற்கு வலது என்றும் சரி என்றும்தான் படித்திருந்தேன், அகராதி உரிமை என்றும் சொன்னது. உரிமை! அதற்கு முன்னால் ஒரு சொல் நின்றது. 'வேவ்' போல இருந்தது, ஆனால் நடுவில் ஓர் எழுத்துக் கூட. 'வேவ்' என்றால் அலை, எங்கள் புத்தகத்தில் படத்தோடு இருக்கிறது. எழுத்துக் கூடிய சொல் என் அகராதியில் இல்லை. நான் தடுமாறி அப்பாவைப் பார்த்தேன்.

அப்பா தாளை வாங்கிக் கண்ணாடியை ஏற்றி இறக்கினார். அறையில் எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மெல்லத் தலையாட்டினார்.

"சட்டக் கடதாசியிலை எழுத்துக் கொஞ்சம் வித்தியாசமாத்தான் எழுதுவாங்கள்," என்றார். "அலைதான். நீ சொல்லு."

நான் சொன்னேன். அலை, எல்லா உரிமை, திரும்புதல். மூன்றையும் நானே கூட்டித் தைத்தேன். கடல் வழியாகத் தீவுக்குத் திரும்பிப் போக உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு என்று அன்ரிக்குப் பிரெஞ்சிலும், கதவடியில் நின்றவர்களுக்குத் தமிழிலும் சொன்னேன். அன்ரி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். நாலாம் மாடிப் பெடியன் ஒருவன் கைதட்டினான்.

கைநாட்டு வைக்க மைப்பெட்டி இல்லை. என் பள்ளிக்கூடப் பேனையின் மைக்குழாயை வெட்டி, அந்த நீல மையை நான்தான் அவருடைய பெருவிரலில் பூசினேன். தேங்காய் உரித்துத் தடித்த விரல். மை ரேகையில் ஏறாமல் வழுக்கியது, இரண்டு தரம் பூச வேண்டியிருந்தது. சாட்சி என்ற இடத்தில் அப்பா சுழித்துச் சுழித்துத் தன் ஆங்கிலக் கையெழுத்தைப் போட்டார். அடுத்த நாள் அன்ரியும் நானும் தபாலில் சேர்த்தோம்.

வருகிற வழியில் அன்ரி ஒரு சின்ன வெள்ளைப் பெயின்ற் டப்பா வாங்கினார். சிலுவைக்கு. கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு, நான் போகும் நேரமெல்லாம் குனிந்து அது இருக்கிறதா என்று பார்ப்பார். கப்பல் எப்போது வரும் என்று என்னைக் கேட்பார், ஏதோ கப்பலை விடுகிறவள் நான்தான் என்பது போல. கடிதம் வரும் அன்ரி, கடிதம் வரும் என்பேன். பங்குனி போய்ச் சித்திரையும் பிறந்தது.

கடிதம் வந்தது ஒரு புதன்கிழமை. தங்கை பிரெஞ்சில் எழுதுவித்திருந்தார். அன்ரி கட்டிலில் என் பக்கத்தில் இருந்து, வழக்கம் போல நான் வாசிக்கிற வரியோடு தன் விரலையும் இழுத்துக்கொண்டு வந்தார். மச்சானுக்குச் சுகமில்லை, மழை அதிகம், கூரை ஒழுகுகிறது என்று வாசித்துக்கொண்டு போன நான் ஓரிடத்தில் நின்றேன். என் கண் எனக்கு முன்னே ஓடிவிட்டது. அவ்வளவுதான் அன்ரி, முத்தங்கள் என்று முடித்திருக்கிறார் என்றேன்.

அன்ரியின் விரல் எடுபடவில்லை. "நீ நிப்பாட்டின இடத்திலை இன்னும் மூண்டு வரி கிடக்குது," என்றார்.

எழுத்துத் தெரியாதவருக்கு எண்ணத் தெரியாதா என்ன. நான் அந்த மூன்று வரியையும் வாசித்தேன். நாங்கள் எல்லோரும் ஏமாந்து போனோம், திரும்பிப் போகிற உரிமையைக் கைவிடுகிறோம் என்றுதான் அந்தத் தாளில் எழுதியிருந்ததாம், பெரியவர் ஒருவர் இப்போதுதான் வாசித்துச் சொன்னார். அப்போது இங்கே எங்களுக்கு ஆள் இல்லை. நீ பாரிசில் இருக்கிறாயே, உனக்கு வாசித்துச் சொல்ல ஒரு படித்த மனிதர் கூடவா கிடைக்கவில்லை?

கூரை ஜன்னலில் புறா ஒன்று நடக்கிற சத்தம் கேட்டது. அன்ரி என்னைத் திட்டியிருந்தால், ஓர் அறை அறைந்திருந்தால், நான் இத்தனை வருடம் இதைச் சுமந்திருக்க மாட்டேன். அவர் வெகுநேரம் தன் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்தச் சொல்லை உனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் உன்னில் பிழையில்லை என்றார். நான் எழும்பும்போது கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அப்பாவுக்குச் சொல்லாதை. பாவம், வெக்கப்படுவார்."

மறுநாள் பள்ளிக்கூட நூலகத்தின் பெரிய அகராதியில் தேடினேன். நடுவில் எழுத்துக் கூடினால் விட்டுக்கொடுப்பது, கைவிடுவது. அலைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, சத்தம் மட்டும் ஒன்று. நூலகக்காரி என்னை ஏன் அழுகிறாய் என்று கேட்டாள். வயிற்று வலி என்றேன். அப்பாவுக்குச் சொல்லவில்லை. அம்மாவுக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் யாரும் ஏதாவது செய்திருப்பார்களா? யாரிடம் போயிருப்பார்கள், எந்தக் கதவைத் தட்டியிருப்பார்கள்? தங்களுடைய சொந்தக் கடதாசிக்கே வரிசையில் நின்ற சனம்.

கோடை தொடங்க அன்ரி போய்விட்டார். தங்கை வீட்டுக்கு, ஒழுகுகிற அந்தக் கூரைக்குக் கீழே. அவருடைய பெட்டியை ஆறு மாடியும் சுமந்து இறக்கியது அப்பாதான். படியில் வைத்து, ஊருக்குத்தானே என்று கேட்டார். அன்ரி என்னைப் பார்க்காமல் தலையாட்டினார். அப்பா மெத்ரோ வாசல் மட்டும் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, மனுசி ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடுவா என்று மாடி மாடியாகச் சொன்னார். பெயின்ற் டப்பாவை அன்ரி அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அப்பா அதை எங்கள் ஜன்னலுக்கு அடித்தார், இரண்டு பூச்சு.

அதன்பின் எத்தனை கலியாண வீடு, எத்தனை செத்த வீடு. அப்பா எங்கே இருந்தாலும் கதை சுற்றி வளைத்து அங்கேதான் வந்து நிற்கும். தன் மகள் பதினொரு வயதில் ஆங்கிலச் சட்டக் கடதாசி வாசித்து ஒரு மனுசியை அவருடைய ஊருக்கு அனுப்பி வைத்தவள் என்பார். சனம் என்னைத் திரும்பிப் பார்க்கும். நான் எழும்பிக் குசினிப் பக்கம் போய்விடுவேன்.

இப்போது அம்மா இல்லை. அப்பாவுக்கு எண்பத்து நாலு, பாரிசுக்கு வெளியே பொபினியில் எங்களோடு இருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை என் கணவரின் அக்கா மகன் லண்டனில் இருந்து போனில் முகம் பார்த்துக் கதைத்தான். பழுதான அந்தப் படகில் போய்த் தியேகோ கார்சியாவில் அகப்பட்டவர்களில் அவனும் ஒருவன், பிறகு லண்டனுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். சாப்பிட்டாயா, குளிரா என்ற விசாரிப்பெல்லாம் முடிய, அப்பா போனைத் தன்னிடம் தரச் சொல்லிக் கை நீட்டினார்.

தம்பி, அந்தத் தீவில் உயரமாக ஒரு வயது போன மனுசியைக் கண்டீரா என்று கேட்டார். எங்கள் கட்டடத்தில் இருந்தவர், தேங்காயை ஒரே போட்டில் பிளப்பார், இப்போது எண்பதுக்குக் கிட்ட வரும்.

"அங்கை ஊர்ச்சனம் எண்டு ஒருத்தரும் இல்லை ஐயா," என்றான் அவன். "ஒருத்தரையும் திரும்ப விடேல்லையாம். பட்டாளமும் வேலைக்கு வந்த ஆக்களும்தான்."

அப்பா சிரித்தார். உங்களைக் கூடாரத்துக்குள்தானே வைத்திருந்தார்கள், உமக்கு எப்படித் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனை என் கணவரிடம் கொடுத்தார். பிறகு கதிரையோடு என் பக்கம் திரும்பினார்.

"நீதானே பிள்ளை வாசிச்சனி. போகலாம் எண்டுதானே அதிலை போட்டிருந்தது?"

"ஓம் அப்பா," என்றேன். "போகலாம் எண்டுதான் போட்டிருந்தது."